தலைகளுக்கு மேலே என் மகள்

1

இந்த ஆகஸ்டோடு நாங்கள் இங்கிலாந்துக்குக் குடிவந்து ஐந்து வருஷம் நிறைகிறது. அதை முன்னிட்டு ஊரிலுள்ளவர்களுக்குச் சில குறிப்புகள் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இங்கத்திய குளிர், நிலக்கரிப் புகை, ரேஷன் புத்தகம் இந்த வருஷம்தான் ஒரு வழியாக ஒழிந்த கதை என்று மனத்தில் ஒரு வரிசை வைத்திருந்தேன். போன சனிக்கிழமை நடந்த சம்பவம் அந்த வரிசையைக் கலைத்துவிட்டது. ஆகவே அந்த ஒன்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை இங்கே கால்பந்து சீசன் தொடங்கிற்று. நம் ஊர் லீக் போல ஒரு பட்டணத்துக்குள் முடிகிற விஷயமல்ல இது. தேசம் முழுவதற்குமாக ஒரு லீக். அதைப் படிப்படியாகப் பிரித்திருக்கிறார்கள். உச்சிப்படிக்கு முதல் டிவிஷன் என்று பெயர். நாங்கள் இருப்பது வடக்கே ஒரு துறைமுக ஊர். கப்பல்களுக்குச் சாமான் அனுப்பும் ஆபீசில் நான் குமாஸ்தா. எங்கள் ஊர் கோஷ்டி நெடுங்காலம் இரண்டாம் டிவிஷனில் கிடந்து, இந்த வருஷம் மேலே ஏறியிருக்கிறது. ரொட்டிக் கடையில், பஸ்ஸில், ஆபீஸ் கழிப்பறையில்கூட இதே பேச்சு.

என் மகள் செல்விக்கு எட்டு வயது. வரும்போது மூன்று. "நாம் மேலே வந்துவிட்டோம்" என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் குதித்தாள். அந்த 'நாம்' யார் யார் என்று நான் கேட்கவில்லை.

தமிழ் அவளுக்குப் புரிகிறது. பதில் இங்கிலீஷில் வருகிறது. அவசரத்துக்கு வாயில் வரும் கொஞ்சத் தமிழும் அவள் அம்மாவிடம் எடுத்த ராயபுரத்துத் தமிழ். கடைக்காரியிடம் நான் எதையாவது கேட்டால், செல்வி என் கோட்டைப் பிடித்து இழுத்து, நான் சொன்னதையே தான் ஒரு தடவை திருப்பிச் சொல்கிறாள். கடைக்காரி அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுச் சாமானை எடுக்கிறாள். நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் நல்ல மார்க்கு வாங்கித் தேறியவன்.

பெயர் விஷயம் இன்னும் மோசம். என் பெயர் சபாபதி. தகப்பனார் கன்னியப்பன். பள்ளிக்கூடப் பதிவில் என் மகள் செல்வி கன்னியப்பன் ஆகிவிட்டாள். அது அவளுடைய தாத்தா பெயர், எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது என்று தலைமை ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். அந்த அம்மாள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, "சரி, மிஸ்டர் கன்னியப்பன்" என்றாள். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான், முனிசிபாலிட்டியிலும் அப்படித்தான். இந்த நாட்டில் என் தகப்பனார் எல்லா ஆபீசிலும் இருக்கிறார். நான் எங்கேயும் இல்லை.

2

இவ்வளவையும் சொல்லக் காரணம் உண்டு. கால்பந்து ஒன்றில்தான் நான் அவளுக்கு ஏதாவது சொல்லிக்கொடுக்க முடியும் என்று நம்பியிருந்தேன்.

சென்னைத் துறைமுகத்தில் மூட்டைக் கணக்குப் பார்த்த நாட்களில் நான் குமாஸ்தாக்கள் கோஷ்டியில் இடதுகோடியில் ஆடினவன். பூட்ஸ் கிடையாது, கணுக்காலில் பட்டித்துணி சுற்றிக்கொண்டு வெறுங்காலோடு ஆடினோம். பட்டாளத்து வெள்ளைக்காரர்கள் பூட்ஸோடு வருவார்கள். காய்ந்த தரையில் எங்களைப் பிடிக்க அவர்களால் ஆகாது; மழை பெய்தால் அவர்களைப் பிடிக்க எங்களால் ஆகாது. சீசன் தொடங்கும்போது வானத்தைப் பார்ப்பதுதான் எங்களுக்குப் பெரிய வேலை. மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கும். அதற்கு அப்பால் நின்றிருந்த கூட்ஸ் வண்டிகளின் கூரைமேல் கொருக்குப்பேட்டையிலிருந்தும் தண்டையார்ப்பேட்டையிலிருந்தும் வந்த ஜனம் ஏறி உட்கார்ந்திருக்கும். என்ஜின்காரன் ஆட்டம் முடிகிறவரை வண்டியை எடுக்கமாட்டான். எடுத்தால் அவன் வீடு போய்ச் சேரமுடியாது.

அதனால் சீசன் முதல் ஆட்டத்துக்குச் செல்வியை நானே கூட்டிப்போகிறேன் என்றேன். பக்கத்து வீட்டு ஹார்கிரீவ்ஸ், கப்பல்துறையில் கிரேன் ஓட்டுகிறவர், வேலிக்கு அப்பாலிருந்து கேட்டுவிட்டு, "அவள் சின்னப் பெண், கவலைப்படாதே, முன்னால் அனுப்பிவிடுவார்கள், நன்றாகப் பார்ப்பாள்" என்றார். முன்வரிசையில் குழந்தைகளுக்கு பெஞ்சு போட்டிருப்பார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். அனுப்புகிறவர் யார், எப்படி அனுப்புவார் என்று கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வழியெல்லாம் அவளிடம் பேசிக்கொண்டே போனேன். இடதுகோடிக்காரன் எப்போது உள்ளே திரும்பவேண்டும், எப்போது கோட்டோரமாகவே ஓடவேண்டும் என்று சொன்னேன். அவள் கேட்டாள். உண்மையிலேயே கேட்டாள். ஒரு கேள்விகூடக் கேட்டாள். அந்த அரைமணி நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

3

உள்ளே உட்கார இடமே கிடையாது. படிபடியாக இறங்கும் சிமெண்டுத் தளத்தில் எல்லோரும் நிற்கிறார்கள். எல்லோரும் ஆண்கள், எல்லோர் தலையிலும் ஒரே மாதிரித் தொப்பி. மேலே இருந்து பார்த்தால் தரையே தெரியாது, தொப்பிகள்தான் தெரியும். நாங்கள் நடுவில் மாட்டிக்கொண்டோம். செல்வியின் முகத்துக்கு நேரே ஒருவருடைய முதுகு. தோளில் ஏற்றிக்கொள்கிறேன் என்றேன். தான் சின்னக் குழந்தை இல்லை என்றாள்.

திருவொற்றியூர் மாசித் திருவிழாவில் பிள்ளையைக் கூட்டத்தில் எப்படி வைத்துக்கொள்ளவேண்டும் என்று நமக்குத் தெரியும். கழுத்தில் ஏற்றிக்கொள், இல்லாவிட்டால் அதன் கையை உன் துண்டோடு சேர்த்து முடிந்துகொள். கூட்டத்தில் விட்ட பிள்ளை விட்டதுதான். நான் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தேன்.

எனக்கு இடப்பக்கம் கனத்த ஆள் ஒருவன் நின்றான். செல்வியைக் குனிந்து பார்த்தான். ஏதோ கேட்டான். அவள் சிரித்துத் தலையாட்டினாள். அவன் அவளுடைய இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கினான். என் பிடி நழுவிற்று. தன் தோளில் வைத்துக்கொள்ளப்போகிறான் என்று நினைத்து, நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அவன் அவளை முன்னால் இருந்தவன் கையில் கொடுத்தான். அந்த ஆள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தலைக்குமேல் கையை உயர்த்தி வாங்கி, தனக்கு முன்னால் நின்றவனிடம் கொடுத்தான். அவன் அடுத்தவனிடம்.

என் மகள் மல்லாந்தபடி தொப்பிகளுக்கு மேலே போய்க்கொண்டிருந்தாள். கவுனை ஒரு கையால் முழங்காலோடு அழுத்திக்கொண்டிருந்தாள். முன்பின் தெரியாத ஆண்களின் கைகள். ஒவ்வொரு கையிலும் ஒரு கணம்தான்.

கப்பலிலிருந்து அரிசி இறங்கும்போது ஆட்கள் வரிசையாக நின்று இப்படித்தான் மூட்டையைக் கைமாற்றுவார்கள். அப்படிக் கைமாறும் மூட்டைகளில் சில வண்டிக்கு வந்து சேராது என்பது துறைமுகத்தில் வேலை பார்த்த எவனுக்கும் தெரியும். கடைசியாக எந்தக் கையில் இருந்தது என்று கேட்டால் எவனும் சொல்லமாட்டான்.

நான் கத்தினேன். படித்த இங்கிலீஷ் ஒரு வார்த்தை வரவில்லை. பத்து வயதில் காலடிப்பேட்டைத் தெருவில் கத்திய தமிழ்தான் வந்தது. முன்னால் பாய்ந்தேன், தொப்பிகள் வழிவிடவில்லை. அந்தக் கனத்த ஆளின் சட்டையைப் பிடித்து, "எங்கடா அனுப்பினே அவள" என்று உலுக்கினேன். அவன் சிரித்தான். இப்போது யோசித்தால் என்னைத் தேற்றத்தான் சிரித்திருப்பான். அப்போது அந்தச் சிரிப்பு என் கண்ணுக்கு வேறு விதமாகப் பட்டது. ஓங்கி அவன் வாயில் குத்தினேன். ஆயுளில் நான் அடித்த முதல் மனிதன் அவன்.

4

இரண்டு போலீஸ்காரர்கள் என்னைத் தூக்காத குறையாகப் பக்கவாசல் வழியே வெளியே கொண்டுவந்தார்கள். ஒருவர் என் வாய்க்கருகே முகத்தைக் கொண்டுவந்து மோந்து பார்த்தார். நான் குடிப்பதில்லை என்றேன். எல்லாக் குடிகாரர்களும் முதலில் அதைத்தான் சொல்வார்களோ என்னவோ.

கதவு சாத்தியாயிற்று. மைதானம் நிரம்பிவிட்டது, இனி யாருக்கும் இடமில்லை என்றார் வாசற்காரர். நான் ஏற்கெனவே உள்ளே இருந்தவன் என்றேன். அத்தாட்சி கேட்டார். நம் ஊரில் சைக்கிள் விட்டால்கூட ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பார்கள். இங்கே காசைக் கொடுத்து இரும்புக் கம்பியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதோடு சரி. உள்ளே போனேன் என்பதற்கு என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி என் மகள். அவளோ உள்ளே இருந்தாள்.

வாசலில் நின்ற இன்னொரு கான்ஸ்டபிளிடம் ஓடினேன். இளைஞன். நோட்டுப் புத்தகத்தை எடுத்தான். பெயர் கேட்டான். கன்னியப்பன் என்றேன், இருக்கிற அவசரத்தில் தகப்பனாரே வந்து நிற்கட்டும். அவன் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதினான். நடுவில் ஒரு முறை அடித்துத் திருத்தினான். உள்ளேயிருந்து கூட்டத்தின் இரைச்சல் எழுந்து அடங்கிற்று.

குழந்தையை எங்கே தொலைத்தாய் என்றான். நான் தொலைக்கவில்லை, எடுத்துக்கொண்டார்கள் என்றேன்.

"யார் எடுத்தார்கள்?"

"எல்லோரும்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். "தலைக்கு மேலே தூக்கியா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். நோட்டுப் புத்தகத்தை மூடிப் பையில் போட்டுக்கொண்டான். "அப்படியானால் முன்னால்தான் இருப்பாள்" என்று சொல்லிவிட்டு நடந்துபோனான்.

இந்த நாட்டில் எனக்கு அலுத்துப்போனது இதுதான். அவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்லமாட்டார்கள். எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள். எனக்கு அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். செங்கல் மதிலில் சாய்ந்துகொண்டு அவ்வளவு நேரமும் நான் நினைத்தவற்றை இங்கே எழுதமாட்டேன். பெண் பிள்ளை வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆட்டம் முடிய இன்னும் நேரம் இருந்தபோது, சீக்கிரம் கிளம்புகிறவர்களுக்காகக் கதவைத் திறந்தார்கள். அந்த நேரத்தில் யார் உள்ளே போனாலும் தடுப்பதில்லையாம். அதையும் யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. திறந்ததும் ஓடினேன்.

5

மைதானத்துக்கும் படிகளுக்கும் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர். அதன்மேல் குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். பார்த்தவரை வெள்ளை முகங்கள். நடுவில் ஒரு கறுத்த முகம். யாரோ தன் கழுத்துத் துண்டைக் கழற்றி அவளுக்குச் சுற்றிவிட்டிருந்தான். கன்னத்தில் மிட்டாய் உப்பியிருந்தது.

நான் சுவரைத் தாண்டி அவள் எதிரே போய் நின்றேன். காலர் கிழிந்திருந்தது. தொண்டை கட்டிப்போயிருந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேனா என்றுகூட நினைவில்லை.

அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்து என்னைத் தாண்டிப் பார்த்தாள்.

"குந்து நைனா, மறைக்காத" என்றாள்.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் தமிழில் சொன்ன முழு வாக்கியம் அது. நான் குந்தினேன். கரிப்பொடி பரப்பிய தரையில், என் மகளின் காலடியில், ஆட்டம் முடிகிறவரை குந்தியிருந்தேன். எங்கள் கோஷ்டி தோற்றது.

திரும்பும் வழியில் அவள் என்னோடு சேர்ந்து நடக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் சுவரில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்களாம். மேலே ஒரு ஆள் கூச்சல் போடுகிறான் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதாம். அந்தப் பிள்ளைகளிடம் சொன்னாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். புதன்கிழமை சாயங்காலம் இங்கேயே இன்னொரு ஆட்டம் இருக்கிறது, அதற்கு ஹார்கிரீவ்ஸோடு போய்க்கொள்கிறேன் என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். கோபத்தோடு சொல்லியிருந்தால் அதட்டியிருப்பேன்.

6

வீட்டில் தனத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். தனம் என் மனைவி. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். அன்று இஸ்மாயில் பாயும் வந்திருந்தார். வண்ணாரப்பேட்டைக்காரர், யுத்தத்துக்கு முன்பே கப்பலில் வந்து, இங்கே மாலுமிகள் விடுதியில் சமையல் வேலை பார்க்கிறவர். ரேஷன் போனதைக் கொண்டாட ஆட்டுக்கறி கொண்டுவந்திருந்தார்.

இனிமேல் செல்வி மைதானத்துப் பக்கம் போகக்கூடாது, ஹார்கிரீவ்ஸோடும் கூடாது, யாரோடும் கூடாது என்று முடித்தேன். பாய் மெள்ள ஆரம்பித்தார்.

"நைனா, நா இந்த ஊருக்கு வந்த புச்சிலேர்ந்து பாத்துகினு கீறேன். கொயந்தய ஒர்த்தன் கீய போட்டான்னு கேள்விப்பட்டதே இல்ல. நீதான் கொயந்தய வாங்கினவன் மூஞ்சில வுட்டியாம். டாக்ஸ்ல பேசிக்கிறானுங்க."

இதற்குள் துறைமுகம் முழுவதும் தெரிந்துவிட்டதா என்று கேட்டேன். அவர் கறியைப் பிசறிக்கொண்டே, "சீசன்ல மொத அடி உன்துதானே" என்றார்.

தனம் சிரிக்கவில்லை. வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"சென்ட்ரல்ல நாம ரயிலேறின அன்னிக்கி இன்னா பண்ணீங்க, நெனப்பு கீதா?"

எனக்குப் புரியவில்லை.

"பம்பாய் வண்டி. மூணாங் கிளாஸு. கால் வெக்க எடமில்ல. ஜன்னலாண்ட ஒரு மீசக்காரன் குந்திகினு இர்ந்தான். இவள தூக்கி ஜன்னல் வயியா அவன் மடில போட்டீங்க. 'எடம் புடிச்சி வெய்யி'ன்னு அவனாண்டயே சொல்லிட்டு, பொட்டி தூக்க ஓடினீங்க. இவ அங்க ஓன்னு அய்வுறா. நீங்க திரும்பிக்கூட பாக்கல."

"எல்லோரும் செய்கிறதுதானே அது" என்றேன்.

"அந்த மீசக்காரன் ஆரு? உங்க மாமனா, மச்சானா?"

அது வேறு, இது வேறு என்றேன்.

"இன்னா வேற? அவனுக்கு மீச இர்ந்துது. இவனுங்களுக்கு தொப்பி கீது."

நான் மேலே ஏதோ சொன்னேன். நம் மனிதர்கள், நம் பாஷை, ரயில் கிளம்பினாலும் அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிடுவார்கள் என்றெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே பலக்குறைவாகப் பட்டது. அந்த மீசைக்காரன் எந்த ஊர், எந்தப் பாஷை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பாய்க்கு வேறு சிரிப்பு அடங்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு விஷயத்தில் நாம் பயந்து நடுங்கினது நியாயம்தான் என்று வீட்டிலாவது ஒப்புக்கொள்ளக்கூடாதா?

"பயந்தீங்க, சரி" என்றாள் தனம், மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டு. "அதுக்காக அவள வூட்ல கட்டிப்போடுவீங்களா? நீங்க கூட்டிகினு போங்க. அந்த ஆரீஸு கூட அனுப்பினா அப்பால அவ எதுக்கும் உங்களாண்ட வரமாட்டா."

ஹார்கிரீவ்ஸின் பெயர் அவள் வாயில் எப்போதும் அப்படித்தான் வரும்.

7

புதன்கிழமை ஆபீசிலிருந்து நேரே வீட்டுக்கு வந்து செல்வியைக் கூப்பிட்டேன். நானும் வருகிறேன் என்றேன். அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, கத்தாமல் இருப்பாயா என்று இங்கிலீஷில் கேட்டாள். இருப்பேன் என்று தமிழில் சொன்னேன்.

ஹார்கிரீவ்ஸும் கூட வந்தார். இந்த ஜனங்கள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அதே படியில் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். நாங்கள் போனபோது அந்தக் கனத்த ஆள் அங்கேயே நின்றிருந்தான். கீழுதடு வீங்கி நீலமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க ஒரு இங்கிலீஷ் வாக்கியம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவன் என்னை அதைச் சொல்லவிடவில்லை. செல்வியைப் பார்த்துத் தலையசைத்தான். பிறகு இரண்டு கையையும் என் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றான். இந்தத் தடவை அவனாக எடுக்கவில்லை. நான் கொடுக்கவேண்டும் என்று காத்திருந்தான்.

பின்னால் நின்றவர்கள் சும்மா நின்றார்கள். செல்வி என்னைப் பார்க்காமல் கோல் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் சொல்கிறேன், அது நல்ல வழக்கம் என்று எனக்குத் தோன்றவில்லை. குழந்தையை முன்னால் அனுப்ப ஒரு வழி வைத்து ஒரு கதவு போட இவர்களுக்கு எத்தனை வருஷம் வேண்டும்? ஆனாலும் அவளைத் தூக்கினேன். முன்பைவிடக் கனத்திருந்தாள். அவன் கையில் கொடுத்தேன்.

தனம் அவளுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி அனுப்பியிருந்தாள். அது தொப்பிகளுக்கு மேலே போயிற்று, ஓரிடத்தில் தயங்கிற்று, மறுபடி நகர்ந்தது, சுவரில் போய் உட்கார்ந்தது. ஹார்கிரீவ்ஸ் என் காதருகே இடைவிடாமல் ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ரிப்பனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது எழுந்தால் என் நெஞ்சு எழுந்தது. இரண்டு தலைகளுக்கு நடுவில் மறைந்தால் நான் நுனிக்காலில் எம்பினேன். ஒரு சமயம் சுற்றியிருந்த அத்தனை பேரும் கத்திக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். கனத்த ஆள் என்னைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினான். அவன் தோளுக்கு மேலாக நான் ரிப்பனைத் தேடினேன். சுவரின்மேல் அது துள்ளிக்கொண்டிருந்தது.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்ததும் அவள் படிகளில் ஓடிவந்தாள். முகமெல்லாம் வியர்த்து மூச்சு வாங்கிற்று.

"நைனா, அந்த கோல பாத்தியா?"

"பார்த்தேன்" என்றேன்.

வீடு வருகிறவரை அவள் அதைச் சொல்லிக்கொண்டு வந்தாள், பாதி தமிழில், பாதி இங்கிலீஷில். இடதுகோடிக்காரன் கோட்டோரமாகவே ஓடி, கடைசியில்தான் உள்ளே திரும்பினானாம். ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டே அவள் பக்கத்தில் நடந்தேன்.